லாண்டரி ரூம் பேய்

கிட்டுசாமிக்கு உலகத்தில் இரண்டு பயம். வேலை போய்விடுமோ என்பது ஒன்று. தாமே வேலையை விட்டால் மனைவி மரகதம் என்ன சொல்வாளோ என்பது மற்றொன்று. முதல் பயத்தில் தூக்கம் கெடும். இரண்டாவதில் தூங்கினாலும் கனவில் மரகதம் வருவாள்.

அப்பேர்ப்பட்டவர்தான், பேங்க் சாஃப்ட்வேர் எழுதியது போதும், இனி வீடியோ கேம் டிசைனர் ஆகியே தீருவது என்று மனைவிக்குத் தெரியாமல் முடிவெடுத்துவிட்டார். டாலஸில் ஒரு கம்பெனி விண்ணப்பம் கேட்டிருந்தது. சொந்தமாக ஒரு சின்ன கேம் செய்ய வேண்டும்; அதை யாராவது புதிதாக ஆடுவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும்.

பேய் வீடு ஒன்று செய்தார். பேயிடம் சிக்காமல் பெட்ரூமிலிருந்து கராஜுக்குத் தப்பிப் போக வேண்டும். கற்பனைக்கு எங்கே போவார், பாவம்? டாலஸ் பக்கம் காப்பெலில் தாம் குடியிருக்கும் வீட்டையே அப்படியே வரைந்துவிட்டார். பேய்க்கும் ஒரு நடமாட்டம் வேண்டுமே. அடுப்படி, பூஜை அலமாரி, லாண்டரி ரூம் என்று தினமும் பயந்து பயந்தே அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த நடமாட்டம் ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தார்.

மரகதம் கோயிலுக்குக் கிளம்பியதும், பக்கத்து வீட்டு வேலுமணியைக் கூட்டிவந்து உட்கார வைத்து வீடியோப் பதிவை ஓடவிட்டார். வேலுமணி அலறிக்கொண்டே ஆடி, லாண்டரி ரூமில் போய்ப் பதுங்கினார்.

"அங்க வேண்டாங்ண்ணா. இப்பத் துணி எடுக்க வருவா," என்று வாயை விட்டார் கிட்டுசாமி.

பின்னால் மரகதம்! மறந்துவிட்டுப் போன தேங்காயை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள். கிட்டுசாமி துள்ளி எழுந்தார். ஓடிக்கொண்டிருந்த வீடியோப் பதிவை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

"இது யாரு ஊடுங்க?"

"சும்மா... கற்பனை."

"கற்பனையிலயும் நம்ம துணி டிரையர் கதவுக்கு டேப் ஒட்டியிருக்குது! பேய் யாருங்க?"

"அடுப்ப அணைக்காம வந்துட்டேன்," என்று வேலுமணி ஓடியே போனார். கிட்டுசாமி வேர்த்து விறுவிறுத்து, விண்ணப்பம் உட்பட எல்லாவற்றையும் உளறிக் கொட்டினார். இடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை.

"பேய் சரியில்லீங்க. நான் வேல பாக்கற டேகேர்ல ஒளியற பசங்கள எப்படிப் புடிக்கறேன்? பாத்தும் பாக்காத மாதிரி தாண்டிப் போயிருவேன். அப்பாடான்னு வெளிய வருவாங்க. அமுக்கிருவேன். அப்படி மாத்துங்க."

மாற்றாமல் இருக்க முடியுமா? மாற்றி, ஆடிப் பார்த்தார். பேய் தாண்டிப் போனது. நிம்மதியாக வெளியே வந்தார். சட்டென்று அது திரும்பியதில், தாமே செய்த பேயைப் பார்த்துத் தாமே வீல் என்று கத்தினார்.

"நீங்க பயத்துல தப்பா அனுப்பிருவீங்க. குடுங்க, கேமையும் அந்த வீடியோவையும் நானே அனுப்பறேன்."

இவ்வளவு நல்லவளையா பேயாக்கினோம் என்று கிட்டுசாமி உருகிப்போனார். என்ன எழுதி அனுப்பினாள் என்று கேட்கும் தைரியம்தான் வரவில்லை.

அடுத்த வாரம் போன் வந்தது. மரகதத்துக்கு.

"பேயைச் சரி பண்ணுனது யாருன்னு கேட்டாங்க. வீடியோவுல எங்குரல் இருக்குது, பொய் சொல்ல முடியுங்களா? மண்டே ஜாயின் பண்ணச் சொல்லிட்டாங்க."

"அப்ப நானு?"

"நீங்க பேங்க் வேலைய விட்றாதீங்க," என்று கைப்பையை மாட்டிப் பார்த்துக்கொண்டாள் மரகதம். "மண்டேல இருந்து பேய் ஆபீஸ் போயிரும். லாண்டரி ரூம்ல துணிய நீங்க எடுத்துருங்க."