டிரான்ஸ்பார்மர் அத்தானும் இரண்டு டாக்டர்களும்

நாஞ்சில் நாட்டிலேயே கரண்டுக்குப் பயப்படாத ஒரே மனுஷன் என் அக்காள் மாப்பிள்ளை. மிக்ஸிக்குப் பயந்த ஒரே மனுஷனும் அவர்தான்.

முப்பது வருஷம் ஆரல்வாய்மொழியில் கரண்டு எடுக்கிற ராட்சசக் காற்றாடிகளில் ஏறி இறங்கியவர். ரிட்டயர் ஆனபின் இருதயம் இடைக்கிடை தறிகெட்டு ஓடத் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் நெஞ்சுத் தோலுக்கடியில் சின்னப் பெட்டி ஒன்று வைத்தார்கள். இருதயம் ஓடினால் பெட்டி ஒரு ஷாக் கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். அன்றோடு தெருவில் அவர் பெயர் டிரான்ஸ்பார்மர். அவருக்கும் அதில் பெருமைதான்.

எங்கள் அடுக்களை ஜன்னல் ரோட்டோரம். தினமும் கத்துவார்: "ஏட்டி, மிக்ஸிய நிறுத்து! ஆளு கடக்கணும்!"

மிக்ஸி மோட்டாரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றால் போதும், பெட்டிக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

"அவரு காத்தாடியில ஏறியிருக்காராட்டி?" என்பார் அத்தான்.

சர்ச்சிலும் ஸ்பீக்கரைத் தூர வைக்கச் சொன்னார். போதகரின் பிரசங்கம் பாதிப்பேருக்குக் கேட்கவில்லை. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பெட்டி இரண்டு தரம் உதைத்ததும் அத்தானின் வீரம் போயிற்று. ரகசியமாக நாகர்கோவிலில் வேறொரு டாக்டரைப் பார்த்து, துடிப்பை அடக்கும் மாத்திரை வாங்கிவந்தார். பெட்டி வைத்த டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும் என்று நாகர்கோவில் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாராம்.

அத்தான் கேட்கவில்லை. "ஒரு வீட்டுல சம்பந்தம் பேசிட்டு இன்னொரு வீட்டுல காப்பி குடிச்சேன்னு சொல்ல முடியுமாட்டி? மனசு நோவாதா?"

அக்காளுக்கு முட்டுவலி. அதனால் பெட்டியைச் சோதிக்கப் போகையில் நான்தான் துணை. நான் ஆம்பிளைகள் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை.

"புதுசா மருந்து வல்லதும் உண்டோ?" என்று கேட்டார் பெட்டி டாக்டர்.

"ஒண்ணும் இல்ல டாக்டரே."

மத்தியான மாத்திரை என் பையில் சோற்றுப் பொதியோடு இருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன்.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. "நல்ல மருந்துதான். ஆனா சிலருக்கு இதைத் தின்னா, பெட்டி பழைய அளவுல அடிக்கிற ஷாக் பத்தாது. கூடுதல் வேணும்."

மறுநாள் மயக்கம் கொடுத்து, இருதயத்தை வேண்டுமென்றே ஓடவிட்டுப் பார்த்தார்கள். பழைய அளவுக்கு அது மசியவில்லையாம். கூட்டி அடித்தபிறகே அடங்கியதாம். பெட்டியைக் கூட்டி வைத்து அனுப்பினார்கள். இது தெருவில் வைத்து நடந்திருந்தால் என்று நினைத்தேன்.

"காட்டிக் குடுத்திட்டியேட்டி" என்றார் அத்தான், திரும்பி வரும் பஸ்ஸில்.

ஒரு மாதம் ஜன்னலைச் சத்தமில்லாமல் கடந்தார். செருப்புச் சத்தம் கேட்டு நானே மிக்ஸியை நிறுத்துவேன். ஒருநாள் காலையில், பக்கத்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி:

"ஏட்டி, நிறுத்து! நான் பழைய ஆளில்ல. பவரு கூட்டி வச்ச ஆளாக்கும்!"

பிறகும் ஆறு வருஷம் கத்திக்கொண்டே நடந்தார். போனது காய்ச்சலில், பெட்டிமேல் குற்றமில்லை.

இப்பவும் தேங்காயைப் போட்டு மூடினதும், ஜன்னல் வழியே ரோட்டை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுகிறேன்.