நாற்காலி கிடைத்தவர்கள் கணக்கு

எண்களை எண்களாகவே அச்சடித்தால் வாசகர்கள் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுகிறார்கள் என்று பத்திரிகை ஆசிரியர் தீர ஆராய்ந்து கண்டுபிடித்தார். ஆகவே, கண்ணில் மாட்டிக்கொண்டால் நாட்டின் பொருளாதாரத்துக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டும் ஒரு வி.ஆர். கண்ணாடி வாங்கினார். அதற்குள் தெரிய வேண்டியதை உருவாக்கும் வேலை, ஆறு மாதப் பயிற்சிக்கு வந்திருந்த பெண்ணின் தலையில் விழுந்தது. நன்றாகச் செய்தால் வேலை நிரந்தரம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். பாவம், நம்பிவிட்டாள்.

வேலையில்லாதவர்களில் ஆயிரம் பேருக்கு ஓர் ஆள் வீதம் கண்ணாடிக்குள் பெரிய கூடம் ஒன்றில் நிற்க வைத்தாள். புள்ளிவிவரத் துறை இயக்குநர் பார்வையிட எழுந்தருளினார். கண்ணாடியை மாட்டியவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"என்னம்மா, ஒருத்தரும் வழி விட மாட்டேங்கிறாங்க?"

"அவ்வளவு பேர் இருக்காங்க சார்."

"எல்லாரும் என்னையே முறைக்கிறாங்களே! அந்தப் பக்கம் திருப்பி வை."

திருப்பினாள்.

"இப்போ முதுகைக் காட்டுறாங்க. ஒரு மரியாதை வேண்டாமா? உட்காரவாவது வை."

ஆசிரியர் கண்ஜாடை காட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆளுக்கொரு நாற்காலி போட்டாள். இயக்குநரின் முகம் மலர்ந்தது.

"நாற்காலியில உட்கார்ந்துட்டாங்கன்னா வேலை பார்க்கிறவங்கதானே! இவங்களுக்கு இந்தக் கூடத்துல என்ன வேலை? வெளியே அனுப்பு."

"உட்கார்ந்தாலே வேலை ஆயிடுமா சார்?"

"முப்பது வருஷமா நான் வேற என்ன பண்றேன்?"

மறுநாளே சுற்றறிக்கை வந்தது: 'நாற்காலியில் அமர்ந்துள்ள எவரும் பணியில் உள்ளவராகவே கருதப்படுவார்.' வேலையில்லாத ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இலவசம். 'ஒழிந்தது வேலையின்மை!' என்று பத்திரிகை கொட்டை எழுத்தில் போட்டது. காலிக் கூடத்தைக் கண்ணாடி வழியே பார்க்க வாசகர்கள் முண்டியடித்தார்கள்.

பயிற்சி முடிந்த அன்று அவள் தயங்கித் தயங்கித் தன் வேலையைப் பற்றிக் கேட்டாள்.

"ஆறு மாசமா இங்க நாற்காலியிலதானேம்மா உட்கார்ந்திருந்தே?" என்றார் ஆசிரியர். "ஏற்கெனவே வேலையில இருக்கிற பொண்ணுக்கு எப்படி வேலை கொடுக்கிறது? சுற்றறிக்கை இடம் கொடுக்காது."

நாற்காலி போட்டதே அவள் கைதான். யாரை நோவது?

வீட்டில் அப்பா, காலையிலிருந்து இலவச நாற்காலி வரிசையில் கால்கடுக்க நின்றுவிட்டு வந்த களைப்பிலும் பூரித்துப்போயிருந்தார்.

"இதுக்கெல்லாம் காரணமே என் பொண்ணுதான்னு சொன்னேன்மா. ஊருக்கெல்லாம் சாதா நாற்காலி, உனக்கு மட்டும் கைப்பிடி வெச்சது! அதிகாரி உத்தியோகமாம்!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் தத்தம் நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள்.