பதினொன்றாவது கோரிக்கை

மங்கையின் நீலத் தார்ப்பாயைச் சுருட்டி லாரியில் போட்டபோதுதான், தன் மனுவின் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது என்பது குணசேகரனுக்கு உறைத்தது.

பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு தெருவுக்கு ஓடினார்.

"நிறுத்துய்யா. யாரு சொல்லி இதைப் பண்றீங்க?"

லாரியோடு வந்த மேற்பார்வையாளர் லட்சுமணன், சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். "குணசேகரன்னு ஒருத்தர் எழுதிகீறாரு. 'நடைபாதையில் ஒரு குடும்பம் அவதிப்படுகிறது, உடனடி நடவடிக்கை தேவை.' அவதியை எடுத்துக்கினு போறோம்."

"அந்த குணசேகரனே நான்தான்யா. அவங்களுக்கு வீடு குடுக்கச் சொல்லி எழுதினேன்."

"அது வேற செக்‌ஷன் சார். என்கிட்ட லாரி மட்டும்தான் கீது."

குணசேகரன் துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு மூட்டை கிடைக்காததால் ஊர்க் குறைகளை எண்ண ஆரம்பித்தார். ராயபுரத்தில் அவர் வீடு அப்பா கட்டியது. தெருவிலிருந்து பின்சுவர் வரை மொத்தமே பதினைந்து அடி. முன்னறையில் அவர் தும்மினால் அடுப்படியிலிருந்து மனைவி வரலட்சுமி "நூறு" என்பாள். அந்தத் தெருவில் பாதி வீடுகளைப் போல இதற்கும் வரி ரசீது உண்டு, பட்டா கிடையாது.

அந்த வீட்டின் முன்சுவரில் சாய்ந்தபடி, நடைபாதையில், ஒன்பது வருஷமாக மங்கையின் குடும்பம் இருந்தது. ஆறு பேர். மங்கை காசிமேட்டில் மீன் வெட்டுகிறாள், புருஷன் பாஸ்கர் ஐஸ் உடைக்கிறான். இதற்கு முன் மூன்று இடங்களில் குடிசையை இடித்து அவர்களைக் கிளப்பியிருந்தார்கள். மூன்றாவது முறை ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டரில் வீடு தருவதாகச் சொன்னார்கள். மீன் வேலை விடியற்காலை நாலு மணிக்கு, அங்கிருந்து முதல் பஸ் ஐந்தரைக்கு. மங்கை வேண்டாம் என்றுவிட்டாள்.

"வூடு குடுக்கிறவன் முதல்ல, இவ வேலைக்கு எப்படிப் போவான்னு யோசிக்கணும்" என்பது குணசேகரனின் கட்சி. டீக்கடையில் சொன்னார், வார்டு கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னார், கடைசியில் மனுவாகவே எழுதினார். இவர்களைக் கணக்கெடுக்க வேண்டும், நடந்து வேலைக்குப் போகும் தூரத்தில் வீடு தர வேண்டும், பூட்டிக் கிடக்கும் கழிப்பறையைத் திறக்க வேண்டும் என்று பத்து கோரிக்கைகள். தாளில் இரண்டு வரி இடம் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று, நடைபாதையை அகலப்படுத்தினால் நடக்கிறவர்களுக்கும் சௌகரியம் எனப் பதினொன்றாவதாக ஒன்றைப் போட்டு வைத்தார்.

லட்சுமணன் கொஞ்சம் இரக்கப்பட்டு, தார்ப்பாயை லாரியிலிருந்து இறக்கிப் போட்டார். "ஒரு மணி நேரம் டைம் தர்றேன். நான் திரும்பி வரச்சொல்லோ இங்க ஒரு சொம்புகூட இருக்கக் கூடாது."

குணசேகரன் யோசிக்கவில்லை. பானை, பாய், தட்டு, துணி மூட்டை, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் தன் முன்னறைக்குள் அடுக்கினார். வரலட்சுமி பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டாள்.

அன்று மதியமே, கையில் டேப்லெட்டோடு ஜோதிகா என்ற பெண் வந்தாள்.

"வீடில்லாதவங்க கணக்கெடுப்பு சார். இங்க ஆறு பேர் இருக்கிறதா மனு வந்திருக்கு. ஒருத்தரையும் காணோமே."

கணக்கெடுக்கச் சொன்ன கோரிக்கை பலித்துவிட்டது. மங்கையோ சந்தையில் இருந்தாள். பதறிப்போன குணசேகரன் ஜோதிகாவை வீட்டுக்குள் கூட்டிப்போனார்.

"வேலைக்குப் போயிருக்காங்கம்மா. இதோ பாரு, அவங்க பானை ரெண்டு, தட்டு ஆறு, பாய் மூணு. ஒண்ணு குறையாம எண்ணி வெச்சிருக்கேன்."

ஜோதிகா பொருட்களைப் பார்த்தாள். பிறகு தலைக்கு மேலே பார்த்தாள். டேப்லெட்டில் தட்டினாள்.

"இன்னாம்மா போட்ட?"

"கூரை, கான்கிரீட். மின்சாரம், உண்டு. கழிப்பறை, உண்டு."

"ஐயோ, அது எங்க வீடும்மா."

"பொருள் எங்க இருக்கோ அங்கதான் சார் குடியிருப்பு. ஃபேன் வேற ஓடுது."

சாயங்காலம் மங்கையிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் கோபப்படவில்லை. அதுதான் அவரை இன்னும் வருத்தியது.

"ஒன்பது வருஷமா பிளாட்பாரத்துல கீறோம். ஒரே நாள்ல எங்களை வசதிக்காரங்க ஆக்கிட்டியே சார்."

"நாளைக்கே மறுப்பு எழுதறேன் மங்கை."

"எழுதாதீங்க" என்றாள் வரலட்சுமி உள்ளேயிருந்து.

அவர் எழுதினார். பொருட்களை நடைபாதைக்குத் திருப்பி, தார்ப்பாயைத் தன் ஜன்னல் கம்பியிலேயே இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு எழுதினார். அந்தக் குடும்பம் என் வீட்டில் இல்லை, இந்த வீட்டில் எட்டு பேர் வசிக்க முடியுமா, சந்தேகம் இருந்தால் நேரில் வந்து அளந்து பாருங்கள்.

அடுத்த வாரம் அளக்க வந்துவிட்டார்கள்.

மூன்று பேர், ஒரு நாடா, ஒரு டப்பா சிவப்புப் பெயிண்ட். அரசாங்கம் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து குணசேகரன் பார்த்ததில்லை. மூவருக்கும் மோர் கொடுத்தார். நாடாவின் ஒரு முனையைத் தானே வாங்கி, அடுப்படியில் குக்கரை நகர்த்திவிட்டு, பின்சுவரில் அழுத்திப் பிடித்தார். அவர்கள் முன்சுவரில், மங்கையின் தார்ப்பாய்க்குப் பக்கத்தில், செங்குத்தாக ஒரு கோடு போட்டு 4.5 என்று எழுதிவிட்டுக் கிளம்பினார்கள்.

"பாத்தியா, எண் போட்டாச்சு. மங்கை பேரு லிஸ்ட்டுல ஏறிடுச்சு" என்றார்.

வரலட்சுமி வெளியே வந்து பார்த்தாள். "ஆறு பேருக்கு எப்படிங்க நாலரை வரும்?"

"பெரியவங்க நாலு. சின்னதுங்க ரெண்டும் கால் கால். பஸ்ஸுல அரை டிக்கெட் இல்லையா, அந்த மாதிரி."

"கால் டிக்கெட்டு எந்த பஸ்ஸுல குடுக்கிறாங்க?"

"எல்லாத்துக்கும் ஒரு கேள்வி."

மங்கை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறுவென்று தெருமுனை வரை போய், பெயிண்ட் டப்பா வைத்திருந்தவனை நிறுத்தி ஏதோ கேட்டாள். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

அடுத்த நாள் நல்ல வஞ்சிரத் துண்டு நாலு கொண்டுவந்து வரலட்சுமியிடம் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. அதற்கடுத்த நாள் சங்கரா. குணசேகரனுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒரு மனுவால் ஒரு குடும்பத்துக்கு விடிவு வந்ததே என்று, முள்ளை எடுத்தபடியே கண் கலங்கினார்.

"காரம் ஜாஸ்தியா?" என்றாள் வரலட்சுமி.

ஞாயிற்றுக்கிழமை ஜோதிகா மறுபடியும் வந்தாள், மறுகணக்கெடுப்புக்கு. இந்த முறை குடும்பமே தார்ப்பாய்க்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தால் சோறு கிடையாது என்று வரலட்சுமி எச்சரித்திருந்ததால், குணசேகரன் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

"கூரை, தார்ப்பாய்" என்று ஜோதிகா குறித்தாள். அவருக்கு உயிர் வந்தது. "மொத்தம் எத்தனை பேரும்மா?"

"எட்டு" என்றாள் மங்கை.

சோறு போனால் போகிறதென்று குணசேகரன் ஜன்னலில் முகத்தை அழுத்தினார். "மங்கை, இன்னா பேஜாரு பண்றே? ஆறு பேருதான். பொய் சொன்னா லிஸ்ட்டே கேன்சலாயிடும்."

"சார் சொல்றது சரிதானே?" என்றாள் ஜோதிகா. "மீதி ரெண்டு பேர் யாரு?"

மங்கை ஜன்னலைக் காட்டினாள். "அதோ, அந்த சாரும் அக்காவும்."

குணசேகரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாசம் இருக்க வேண்டியதுதான். ஆனா எங்களுக்குத்தான் சொந்த வீடு இருக்கே. எங்க பேரு எதுக்கு?"

மங்கை எழுந்து ஜன்னல் பக்கத்தில் வந்தாள். வலிக்காமல் முள் எடுப்பது போல மெதுவாகப் பேசினாள்.

"எங்களை எண்ண வந்தா நெம்பர்தான் போடுவாங்க சார், கோடு போட்டா இடிக்கிறது, மூணு தபா பாத்துகீறேன்; நாலரைன்றது ஆளு இல்ல, மீட்டரு, உங்க மனுவுல கடைசியா கேட்டது பாஸாகி பிளாட்பாரம் உங்க பின்சுவரு வரைக்கும் அகலமாவப் போவுதாம், அதான் உங்க ரெண்டு பேரையும் இப்பவே எங்க வூட்டுல சேத்து எழுதச் சொன்னேன்."