கருகல் அண்ணாச்சி வீடு பார்க்க வந்தார்

சரக்கு வாங்க வந்தவனைப் பயமுறுத்துவதில் கருகல் அண்ணாச்சியை மிஞ்ச இந்தப் பூமியில் ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. நான் இருபத்திரண்டு வருடமாக ஆயுள் காப்பீட்டு முகவர். கல்யாணப் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருப்பவரிடம் மாரடைப்பைப் பற்றி விசாரிக்கிறவன். ஆலங்குளத்திலிருந்து செங்கோட்டை வரை என்னைக் கண்டதும் அடிக்காத செல்போனைக் காதில் வைத்துக்கொள்பவர்கள் ஏராளம். அப்பேர்ப்பட்ட என்னைப் பத்தே நிமிடத்தில் வேர்க்க வைத்தார் அண்ணாச்சி. அந்த வேர்வை இன்னும் முழுதாகக் காயவில்லை.

தென்காசியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு சந்துக்குள், மாடியில் அவர் கடை. பலகையில் ஏதோ பெயர் இருக்கிறது. யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுப்பது தொழில். செத்துப்போன எந்தப் பாகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவர் முதலில் அதை மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மரணக் காரணத்தைச் சொல்வார்.

“இது இடி.”

“இது எலி மூத்திரம்.”

“இது கஞ்சத்தனம்.”

மூன்றாவதால்தான் சாவு அதிகம் என்பது அவர் கணக்கு. கருகல் வாசத்திலேயே வாழ்ந்ததால் அந்தப் பெயர்.

மற்ற கடைகளில் கண்ணாடி அலமாரிக்குள் புதுச் சரக்கு மினுங்கும். இவர் கடை அலமாரியில் கருகிய எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகள் அணிவகுத்திருந்தன. எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரிலிருந்து வருகிற கரண்டை வாங்கி கம்ப்யூட்டரின் மற்ற உறுப்புகளுக்குப் பங்கு வைத்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டைச் சீட்டு. ‘கீழப்பாவூர். இடி. கூடப் போனது போர்டு.’ ‘ஆலங்குளம். கஞ்சத்தனம். கூடப் போனது எல்லாம்.’ அந்த அலமாரியைத் தாண்டி உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கத் தோன்றும்.

என்னை அங்கே இழுத்துப் போனவள் என் ஒரே மகள் நிவேதா. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினால் கேம் விளையாடுகிற கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக, அவள் வாங்கமாட்டாள் என்ற நம்பிக்கையில், வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் வாங்கிவிட்டாள். எழுபதாயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்றேன். ஒன்பது பாகங்களுக்குப் பட்டியல் போட்டு அதற்குள் அடக்கிவிட்டாள்.

அவள் பட்டியலில் ஒன்பது சாமான் என்றால் என் பட்டியலில் பதினான்கு பயம். கண் கெடும். முதுகு வளையும். படிப்பு போகும். காதில் மாட்டுகிற கருவி வழியாக எந்த ஊர்க்காரனோ பேசுவான். இப்படிப் பதினான்கு. கரண்டைப் பற்றிய பயம் மட்டும் அதில் இல்லை.

அண்ணாச்சி பட்டியலை வாங்கினார். எல்லாரும் மேலிருந்து கீழே வாசிப்பார்கள். அவர் கடைசி வரியிலிருந்து ஆரம்பித்தார்.

“ஏம் பாப்பா, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு நேரா ‘மிச்சக் காசுல’ன்னு எழுதிருக்க?”

“ஆமா அங்கிள். எல்லாம் போக ஆயிரம் ரூவா மிஞ்சுது. அதுக்குள்ள எதாவது குடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “அண்ணாச்சிக்கு ஒத்த மகளோ?”

“ஆமா.”

“ம்” என்றார். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் நான்கூட அப்படியொரு ‘ம்’ போட்டதில்லை. முதுகுத்தண்டில் சாரல் அடித்தது.

பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்தார். முதலில் போனது கண்ணாடிப் பெட்டி.

“இதென்ன, ஆறு ஃபேனு, ஆறுலயும் கலர் லைட்டு?”

“அதுதான் அங்கிள் கெத்து.”

“கோயில் கொடைக்கு சீரியல் செட்டா கட்டுதோம்? இரும்புப் பெட்டி தாரேன். பீரோ கணக்கா இருக்கும். நூறு வருசத்துக்கு அசையாது.”

அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு. பட்டியலிலேயே விலை கூடியது அதுதான். “ஒரு படி எறங்கு தாயி.”

“மாட்டேன். அதுல மெமரி பத்தாது. அடுத்த வருசம் வார கேம் ஒண்ணும் ஓடாது.”

“ஓடலன்னா நட.”

நிவேதா செல்போனைத் திறந்து இரண்டு கார்டுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அரை மணி நேரம் சண்டை. கடைசியில் அண்ணாச்சி பேனாவை மூடினார். “கார்டு ஒனக்கு. மானிட்டர் எனக்கு. எங்கிட்ட ஒரு பழசு கெடக்கு, நல்லாருக்கும், அத வச்சுக்க. பிராசஸர்ல ஒரு படி எறங்கு. மிஞ்சுத காசு பூரா எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு. சம்மதமா?”

சம்மதம் என்றாள். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். பணம் கொடுக்கப்போகிறவன் ஒருவன் அங்கே நிற்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

“அப்ப எப்ப எடுத்துக்கிடலாம்?” என்று கேட்டேன்.

“வீட்டப் பாக்கணும்லா?”

“எந்த வீட்ட?”

“ஒங்க வீட்டத்தான். பொண்ணு குடுக்குதவன் மாப்பிள்ள வீட்டப் பாக்காண்டாமா?”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சுரண்டைக்காரர் ஒருவர் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறியிருந்ததைப் பார்த்துவிட்டு, பொருத்தி முடித்த கம்ப்யூட்டரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தவராம். பொருத்தம் சரியில்லை என்று சொல்லிவிட்டாராம்.

எங்கள் வீடு மேலகரத்தில். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் விழ ஆரம்பிப்பார்கள். மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, காலையில் ஐந்தருவி, மாலையில் மெயினருவி என்று குளித்துவிட்டு, ஈரத் துணியை மலையாகக் குவிப்பார்கள். சீசன் முழுவதும் எங்கள் வாஷிங் மிஷின் ஓய்வதில்லை. தரையில் ஈரம் காய்வதில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். அதற்கு மிஷின் செருப்பு என்று பெயர். மிஷினைத் தொட்டால் லேசாகச் ‘சுள்’ளென்று இருக்கும், அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டால் இருக்காது. வருகிற விருந்தாளிகளுக்கு, இது குளியலறை, இது சோப்பு, இது மிஷின் செருப்பு என்று வரிசையாகக் காட்டிக்கொடுப்போம். மூன்று வருடமாக அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி மொபெட்டில் வந்தார். நல்ல சாரல். தன்னுடைய மழைக்கோட்டை கம்ப்யூட்டருக்குப் போட்டுவிட்டு, அவர் தொப்பலாக நனைந்திருந்தார். வீடு பார்க்க வருகிறார் என்ற ஒரே வார்த்தையைக் கேட்டு என் மனைவி செல்வி கேசரி கிளறியிருந்தாள்.

“மொதல்ல சுவிட்ச் போர்டு. பொறவு கேசரி” என்று தட்டை ஒதுக்கிவிட்டார்.

நிவேதாவின் அறையில் கறுப்பு இரும்புப் பெட்டியை ஸ்டூலில் வைத்தார். பையிலிருந்து ஒரு குண்டு பல்பை எடுத்தார். இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றை பிளக் பாயிண்டில் கரண்டு வருகிற துளையிலும் மற்றதை மேலே இருக்கிற பெரிய துளையிலும் செருகினார். பல்பு எரியவில்லை.

“எர்த்து இல்ல” என்றார். எழவுச் செய்தி சொல்கிற குரல்.

பிறகு கம்ப்யூட்டரின் பிளக்கைச் செருகி, பல்பின் ஓர் ஒயரை அந்த இரும்புப் பெட்டியின் திருகிலும் இன்னொன்றைப் பக்கத்துப் பாயிண்டில் கரண்டு வராத துளையிலும் மாட்டினார். “பெட்டியில கரண்டு வந்தா இது எரியும். இப்ப எரியல. நல்லது. யாரும் இதத் தொடப்படாது” என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். “எர்த்து குழி எங்கன இருக்கு?”

“குழியா?”

“தரையிலருந்து ஒரு குழாய் நீட்டிக்கிட்டு நிக்கும்லா?”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் கார் நிறுத்துகிற இடத்துக்கு டைல்ஸ் ஒட்டினோம். நடுவே ஒரு துருப்பிடித்த குழாய், தலையில் ஒரு கம்பியோடு, முழ நீளத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றது. கொத்தனார், இது எதுக்கு அண்ணாச்சி என்று கேட்டார். நான்தான் சொன்னேன்: “சும்மாதான் நிக்கி, அறுத்துத் தள்ளுங்க.” மேலே பூப்போட்ட டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

இதைச் சொல்லி முடித்தபோது அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே ஓடினார். அறுபது வயதுக்காரர், சந்தன நிற வேட்டியில், எங்கள் ஹாலில் இரண்டே எட்டில் பாய்ந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நான் பின்னாலேயே போய்ச் சேர்ந்தபோது ‘பளீர்’ என்று ஒரு சத்தம். என் மகளின் கையில் ஓங்கி அடித்திருந்தார். அவள் சுவரோரமாகப் போய் விழுந்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “ஏய், எம்புள்ளயவா...” என்று கையை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது.

பல்பு எரிந்துகொண்டிருந்தது.

பிரகாசமாக இல்லை. பீடி நுனி மாதிரி, மங்கலாக, சிவப்பாக. பின்கட்டில் வாஷிங் மிஷின் ‘கடகட’வென்று சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் தங்கியிருந்த மதுரைச் சொந்தக்காரர்கள் அருவியிலிருந்து வந்துவிட்டார்கள். செல்வி நீலச் செருப்பைப் போட்டுக்கொண்டு துணியைப் போட்டிருக்கிறாள். நிவேதாவின் காலில் செருப்பு இல்லை. தரை ஈரம். தன் புதுக் கம்ப்யூட்டரைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டியிருக்கிறாள். விரலுக்கும் இரும்புக்கும் நடுவே நாலு விரற்கடை இருந்தது என்று பிறகு அவளே சொன்னாள்.

அண்ணாச்சி பிளக்கைப் பிடுங்கினார். மெயின் சுவிட்சை இறக்கினார். பிறகு ஈர வேட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மிஷின்ல கசியுத கரண்டு எர்த்து கம்பி வழியா மண்ணுக்குப் போவணும். நீங்க கொழாய அறுத்துப்புட்டிய. அது எங்கன போவும்? கம்பியோட கம்பியா வீடு பூரா சுத்தி, மூணு பின்னு பிளக்கு மாட்டுன எல்லாத்துலயும் வந்து நிக்கி. இவ்வளவு நாளும் இந்த ரூம்ல இரும்புல ஒண்ணுமில்ல.” கறுப்புப் பெட்டியைக் காட்டினார். “நாந்தான கொண்டாந்து வச்சேன்... நாந்தான இரும்புப் பெட்டி வாங்கச் சொன்னேன்.”

செல்வி பின்கட்டிலிருந்து வந்து, “என்ன, கரண்டு போயிட்டா?” என்று கேட்டாள். அவள் காலில் அந்த நீலச் செருப்பு. அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “அண்ணாச்சி என்ன தொழில் பாக்கிய?”

“இன்சூரன்ஸ்” என்றேன். அந்த வார்த்தையை அவ்வளவு மெதுவாக நான் அதற்கு முன் சொன்னதில்லை. என் பதினான்கு பயங்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வெளியே போய்விட்டிருந்தன.

எர்த்து போடும்வரை மெயின் சுவிட்சைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரை மழைக்கோட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சம்பந்தம் நின்றுபோனது. விளக்கும் ஃபேனும் இல்லாத வீட்டில் சொந்தக்காரர்களும் நிற்கவில்லை. சாயங்காலமே மதுரைக்கு வண்டி ஏறினார்கள். என் சர்வீஸில் இவ்வளவு சீக்கிரம் யாரும் கிளம்பியதில்லை.

மறுநாளே பூப்போட்ட டைல்ஸை உடைத்தோம். ஆள் உயரத்துக்கு மேல் குழி, புதுக் குழாய், கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கு. கசிவு வந்தால் தானே விழுகிற பிரேக்கர். மிஷினுக்குப் புது ஒயர். அண்ணாச்சி தினமும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, குழி ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். எலெக்ட்ரீசியனை ஒரு மூட்டை உப்பு கூடப் போட வைத்தார். கடைசி நாள் மறுபடி அந்தக் குண்டு பல்பைச் செருகினார். கல்யாண வீடு மாதிரி எரிந்தது. அதற்குப் பிறகுதான் கேசரி சாப்பிட்டார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். இப்படி ஒரு மனிதர் பயப்படுகிறார் என்றால் பின்னால் ஏதோ பெரிய துக்கம் இருக்க வேண்டும் என்பது என் தொழில் புத்தி. “அண்ணாச்சி, ஒங்க வீட்டுல யாருக்காவது முன்னால எதுவும்...?”

“சேச்சே! எல்லாவனும் கல்லு மாதிரி இருக்கான். எனக்குப் பயம், அவ்வளவுதான்.” தட்டை வழித்தார். “பயப்படுததுக்கு எழவு விழுந்துதான் ஆவணுமா அண்ணாச்சி?”

போகும்போது, டைல்ஸுக்கு அடியிலிருந்து கிடைத்த அந்தத் துருப்பிடித்த அறுபட்ட குழாய்த் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு தடவை மோந்தும் பார்த்தார்.

நிவேதா இப்போது அந்த பீரோ மாதிரி கம்ப்யூட்டரில் யார் யாரையோ சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். நான் இன்னும் ஃபிரிட்ஜைத் திறக்கும்முன் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். பாலிசி போட வருகிறவர்களிடம் முதலில் மாரடைப்பைப் பற்றிக் கேட்பதில்லை. வாசலில் டைல்ஸ் ஒட்டியிருக்கிறீர்களா என்றுதான் கேட்கிறேன். இந்நேரம் எனக்கும் ஏதாவது பட்டப்பெயர் வைத்திருப்பார்கள்.

அண்ணாச்சியின் அலமாரியில், கருகிய பெட்டிகளுக்கு நடுவே, அந்தக் குழாய்த் துண்டு இருக்கிறது. அதன் கழுத்திலும் ஒரு சீட்டு: ‘மேலகரம். டைல்ஸ். கூடப் போனது யாருமில்ல.’

தென்காசிக்குப் போகும்போதெல்லாம் மாடியேறிப் போய் அதை ஒரு தடவை வாசிக்கிறேன். “அண்ணாச்சிக்கு என்ன வேணும்?” என்பார் அவர், எதையோ மோந்துகொண்டே.

“ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. சும்மாதான் வந்தேன்” என்பேன்.