இலவசக் கிருபையின் காவல்காரர்

கிருபைக் காவல்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கடவுளின் அருள் இலவசம், அதற்குத் தகுதி ஒன்றும் தேவையில்லை, அழுக்குச் சட்டையோடு வந்தாலும் அவர் அள்ளி அணைத்துக்கொள்வார் என்று மைக்கில் கண் கலங்கப் பேசிவிட்டு, மேடையை விட்டு இறங்கியதும் வாசலில் போய் நின்று வருகிறவன் சட்டையை மேலும் கீழும் பார்க்கிறவர்கள் இவர்கள். எல்லா மதத்திலும் உண்டு, எல்லா ஊரிலும் உண்டு. அன்னதானத்தில் சோற்றைக் கரண்டியில் எடுத்துவிட்டு, "போன பந்தியிலயும் உட்கார்ந்தியா நீ?" என்று கேட்பார் பாருங்கள், அவர் இவர்களுக்குப் பங்காளி.

மாரண்டஹள்ளி லுத்தரன் சபைக்கு வாய்த்தவர் சாமுவேல் பச்சியப்பன். கூட்டுறவுத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. கண்காணிக்க வீட்டில் போதிய ஆள் இல்லாததால் சபைச் செயலாளர் ஆனார். கோயில் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். போதகருக்கு முன்பே வந்து மைக்கைத் தட்டி "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சோதித்துப் பார்ப்பார். ஆராதனைக்குத் தாமதமாக வருகிறவர்களைத் திரும்பிப் பார்ப்பார். சும்மா பார்வை அல்ல அது. தக்காளி ஏற்றிவிட்டு நேரே சந்தையிலிருந்து ஓடிவந்த மனிதன், தான் தக்காளியைத் திருடிவிட்டு வந்தோமோ என்று தன்னையே சந்தேகப்படுகிற அளவுக்குப் பார்ப்பார்.

கேள்வி பதிலாகச் சொல்லிக் கொடுக்கிற ஞானோபதேசம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முதல் திருவிருந்துக்கு முன் திடப்படுத்தல் எடுக்கப்போகிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்துவார்.

"கிருபை எது வழியா நமக்கு வருது?"

"வசனம், ஞானஸ்நானம், திருவிருந்துங்க ஐயா."

"நம்ம நல்ல நடத்தைக்காக வருதா?"

"இல்லீங்க ஐயா."

"குடுக்கற போதகர் ரொம்பப் பரிசுத்தமா இருந்தாத்தான் வருமா?"

"இல்லீங்க ஐயா. ஆண்டவரோட வார்த்தையால வருதுங்க."

"கரெக்ட். எவன்டா அங்க சிரிச்சது? நீதானா? உனக்கு இந்த வருஷம் திடப்படுத்தல் கிடையாது. வெளிய போ."

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த மகன் அருள்குமார். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன் நண்பர்களோடு ஒகேனக்கல் போனான். மீன் வறுவல் சாப்பிட்டான். கூடவே ஒரு பாட்டில் பீரும் குடித்தான். கூட வந்த ஒரு புண்ணியவான் அதைப் படமெடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட, படம் சபை முழுக்கச் சுற்றி வந்தது. அருள்குமார் வெட்கப்பட்டான்; போதகரிடம் போய்த் தப்பு என்று ஒப்புக்கொண்டான். வேறொரு தகப்பன் என்றால் வீட்டில் நாலு திட்டுத் திட்டி விட்டிருப்பான். நம்மவர் கமிட்டியைக் கூட்டினார்.

"என் மகனா இருந்தாலும் நியாயம் நியாயந்தானுங்க. இவனைத் திருவிருந்துல இருந்து நிறுத்தணும்னு நானே தீர்மானம் கொண்டு வர்றேன்."

கமிட்டிக்காரர்கள் நெகிழ்ந்துபோனார்கள். அன்றிரவு பச்சியப்பன் நிம்மதியாகத் தூங்கினார். திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் பாவிகளுக்கென்று கொடுக்கப்பட்டவை என்று அவரே பாடம் நடத்துகிறார்; கையில் கிடைத்த ஒரு பாவியையும் அனுப்பிவிட்டார். அன்று முதல் அருள்குமார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது அவன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். எப்போது முடியும் இந்தத் தண்டனை என்று கேட்டதற்கு, "மனந்திரும்புனது முகத்துல தெரியணும்" என்றார் பச்சியப்பன். எந்த முகத்தில், எப்படித் தெரிய வேண்டும்? அதை அவர் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில் அருள்குமாருக்கும் மனைவி அன்பரசிக்கும் பெண் குழந்தை பிறந்தது. பச்சியப்பனின் சந்தோஷத்துக்கு அளவில்லை. ஞானஸ்நானத்தைப் பேராயரை வரவழைத்துத்தான் நடத்துவது என்று முடிவு செய்தார். கல்யாண மண்டபம், பிரியாணி, அழைப்பிதழ். அழைப்பிதழில் குழந்தையின் படம் ஒரு மூலையில் இருந்தது. தாத்தாவின் படத்தைத் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 'எலிசபெத் கிரேஸ் மெர்சி' என்று பெயரும் அச்சாகிவிட்டது. பேராயருக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. ஒரு முறை மாநாடு, ஒரு முறை மூட்டுவலி.

"அப்பா, நம்ம பாஸ்டரே வர்ற ஞாயித்துக்கெழம குடுத்துடட்டுமே," என்றான் அருள்குமார்.

"ரஞ்சித்குமாரா? அந்தப் பையன் பைக்ல வந்து எறங்கறவன்டா. பேராயர் கையால வாங்கறதும் இவன் கையால வாங்கறதும் ஒண்ணா?"

சனிக்கிழமை வகுப்பில் எந்தப் பிள்ளையாவது இப்படிச் சொல்லியிருந்தால் அதுவும் வெளியே போயிருக்கும்.

குழந்தைக்குச் சளி பிடித்தது. சளி நெஞ்சில் இறங்கியது. பால் குடிக்கவில்லை, மூச்சு இழுத்தது. தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பரிசோதித்த டாக்டரம்மா, சேலத்துக்கு மாற்றுகிறோம், ஆம்புலன்ஸ் வருகிறது, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார். அன்பரசி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கலயே மாமா," என்றாள்.

"இரும்மா, பேராயர் ஆபீசுக்குப் பேசறேன்," என்று செல்போனோடு படிக்கட்டுப் பக்கம் போனார் பச்சியப்பன். அங்கேதான் சிக்னல் நன்றாக இருந்தது. பேராயரின் உதவியாளர், ஐயா ஓய்வில் இருக்கிறார், என்ன விஷயம் என்று கேட்டார். பச்சியப்பன் தன் பெயர், சபை, வகிக்கும் பொறுப்பு, வகித்த பொறுப்பு என்று முறையாகத் தொடங்கினார்.

அவர் அங்கே பொறுப்புகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வார்டு வாசலில் அருள்குமார் போதகருக்குப் போன் செய்தான். ரஞ்சித்குமார் அப்போது பாப்பிரெட்டிப்பட்டியில், ஒரு துக்க வீட்டில் இருந்தார்.

"நான் வந்து சேர ரெண்டு மணி நேரமாவது ஆயிடும் அருள். காத்திருக்காத. ஆபத்துன்னா விசுவாசி யாரும் குடுக்கலாம். நீயே குடு."

"நானா? ஐயா, நான் திருவிருந்துல நிறுத்தி வச்ச ஆளுங்க."

"தண்ணி இருக்குதா?"

"பாட்டில்ல கொஞ்சம் இருக்குதுங்க."

"போதும். பேரச் சொல்லு, தலையில தண்ணி ஊத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்துல உனக்கு ஞானஸ்நானம் குடுக்கறேன்னு சொல்லு. உன் கையப் பாத்துக்கிட்டு நிக்காத. குடுக்கறவரு நீ இல்ல."

அருள்குமார் வார்டுக்குள் போய்க் குழந்தையின் கட்டிலருகே பாட்டிலைத் திறந்தான். மூடி எங்கோ உருண்டு போயிற்று. "என்ன பேரு?" என்று மனைவியைக் கேட்டான். எலிசபெத் கிரேஸ் மெர்சி அவளுக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. வயிற்றில் இருந்தபோது தான் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெயரைச் சொன்னாள். "ஐஸ்வர்யா."

மூன்று முறை தண்ணீர் ஊற்றினான். குழந்தை முகத்தைச் சுளித்தது. அவ்வளவுதான். விளக்கு மினுங்கவில்லை, யாருக்கும் உடம்பு சிலிர்க்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரம்மா மட்டும், "காய்ச்சக் குழந்தைக்குத் தண்ணி ஊத்தறீங்களே!" என்று பதறினாள்.

பச்சியப்பன் திரும்பி வந்து ஈரத் தலையைப் பார்த்தார். விவரம் கேட்டார். பேத்தி பிழைப்பாளா என்ற பயம் அவருக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் அநியாயம். ஆனால் அந்தப் பயத்தை முந்திக்கொண்டு வேறொன்று வெளியே வந்தது.

"யாரைக் கேட்டுடா குடுத்த?"

அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

சேலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் இருந்து குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்தது. பச்சியப்பன் நன்றி ஜெபம் செய்தார்; வழக்கம்போல நீளமாக, 'கிருபையின் ஐசுவரியம்' என்ற வார்த்தையை அடிக்கடி போட்டு. செய்து முடித்த கையோடு போதகர் வீட்டுக்குப் போனார்.

"பாஸ்டர், ஆஸ்பத்திரியில நடந்தது அவசரத்துக்கு நடந்தது. பேராயர் அடுத்த மாசம் வர்றாருங்க. முறையா ஒரு தடவை குடுத்துடலாம்."

"முறையாத்தானுங்க ஐயா குடுத்திருக்குது. ஞானஸ்நானம் ஒரே தடவைதான்."

"அப்பத்துக்குத் தகுதி இல்லாத கை, ஞானஸ்நானம் குடுக்குமுங்களா?"

"கை யாருதா இருந்தா என்னங்க? வார்த்தை ஆண்டவருது. நீங்கதான வகுப்புல சொல்லித் தர்றீங்க."

"அது பாடமுங்க! பாடத்தையும் நடைமுறையையும் போட்டுக் கொழப்பாதீங்க. சரி, ஐஸ்வர்யாங்கறது கிறிஸ்தவப் பேரா?"

"கிருபையின் ஐசுவரியம்னு உங்க வாயால கேக்காத ஞாயித்துக்கெழம உண்டாங்க ஐயா?"

பச்சியப்பன் எழுந்துவிட்டார். இந்தப் போதகரை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று வழிநெடுக நினைத்தார். மாற்றல் வரும்வரை காத்திருக்க முடியாதே! ஓசூரிலிருந்து, எந்தச் சபையையும் சேராத ஓர் ஊழியக்காரரைப் பிடித்தார். ஒகேனக்கலில் பரிசல் பேசினார். காவிரியில் வைத்து, வீடியோவோடு, இன்னொரு ஞானஸ்நானம். ஒரு பீர் பாட்டிலுக்காக மகனை எந்த ஊரின் பேரால் ஒதுக்கினாரோ அதே ஊருக்குப் பேத்தியைப் பரிசுத்தமாக்கக் கூட்டிப் போவதில் அவருக்கு ஒரு முரணும் தெரியவில்லை. காரை வாசலில் நிறுத்திவிட்டு மருமகளிடம் வந்தார்.

"புள்ளையக் குடும்மா. சாயங்காலத்துக்குள்ள வூடு வந்துடலாம்."

அன்பரசி அவரை எதிர்த்துப் பேசியதே இல்லை. குழந்தையைத் தோளில் இறுக்கிக்கொண்டாள்.

"மறுபடி மறுபடி ஆத்துல முக்கி எடுக்க அவ என்ன அழுக்குத் துணியா மாமா? அன்னைக்கு அவங்கப்பா அழுதுக்கிட்டே குடுத்தாரு. அது ஆண்டவருக்குப் போதும். உங்களுக்குத்தான் பத்தல."

பச்சியப்பன் காருக்கு வாடகை கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பேராயர் இல்லை, மண்டபம் இல்லை. ஆராதனை நடுவில் போதகர் குழந்தையைக் கையில் வாங்கி, இவள் பெயர் ஐஸ்வர்யா, இவளுக்குத் தகப்பன் ஆஸ்பத்திரியில் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார், அது நிறைவானது, இவள் நம்முடையவள் என்று சபைக்கு அறிவித்தார். பிறகு திருவிருந்து. போதகர் கடைசி பெஞ்சைப் பார்த்து, "அருள், முன்னாடி வா" என்றார்.

பீடத்துக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் நின்றிருந்த பச்சியப்பன், "பாஸ்டர், கமிட்டித் தீர்மானம் இருக்குதுங்க," என்று கிசுகிசுத்தார். மைக் பக்கத்தில் இருந்ததால் கிசுகிசுப்பு தெரு வரைக்கும் கேட்டது.

"அவன் தப்ப ஒத்துக்கிட்டு ரெண்டு வருசம் ஆச்சுங்க ஐயா. அன்னைக்கே நான் மன்னிப்பு சொல்லியிருக்கணும். கமிட்டிக்குப் பயந்தது என் தப்பு," என்றார் போதகர், அதே மைக்கில்.

அருள்குமார் வந்து முழங்கால் போட்டான். "உனக்காகக் கொடுக்கப்பட்டது" என்று சொல்லி அப்பத்தை அவன் கையில் வைத்தார். அவன் தோள்கள் குலுங்கின. அடுத்து, அவனுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டிப் பச்சியப்பனிடம் திரும்பினார் போதகர். "வாங்க ஐயா. உங்களுக்காகவும்."

ஒரு கணம் அவர் கை முன்னால் வந்தது. சபையே பார்த்தது. இலவசமாகத்தான் வந்தது கிருபை, அவர் இத்தனை வருஷம் பாடம் நடத்தியதுபோலவே. ஆனால் வாங்க வேண்டுமென்றால் மகனுக்குப் பக்கத்தில், மகனைப் போலவே முழங்கால் போட வேண்டும். தகுதிக்கென்று தனி வரிசை கிடையாது. பச்சியப்பன் கையைப் பின்னுக்கு இழுத்து, துண்டைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு, விறுவிறுவென்று நடந்து போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் நிறுத்தவில்லை. எந்தக் கமிட்டியும் கூடவில்லை. ஒவ்வொரு திருவிருந்தின்போதும் அருள்குமார் வந்து "வாங்கப்பா" என்று கூப்பிடுகிறான். "சபையோட பரிசுத்தம் சரியாகட்டும், வர்றேன்" என்கிறார். சபை சரியாகிற மாதிரித் தெரியவில்லை. ஐஸ்வர்யா பெஞ்சுகளுக்கு நடுவே தவழ்ந்து வந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுக்கிறாள். குனிந்து தூக்கிக்கொள்கிறார். அவளிடம் மட்டும் அவர் எந்தத் தகுதியும் கேட்பதில்லை.

அது சரி, இவ்வளவு நேரம் வாசித்தீர்களே, 'அட, இது நம்ம ஊர் அவரேதான்' என்று யாருடைய முகமாவது உங்கள் கண்முன் வந்ததா? இதை அவருக்கு உடனே அனுப்பிவைக்க வேண்டும், படித்தாவது திருந்தட்டும் என்று கை துடித்ததா? அனுப்புங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு சேதி: பச்சியப்பனும் தன் வாழ்நாளில் கேட்ட அத்தனை பிரசங்கங்களையும் இப்படித்தான் கேட்டார். தலையை ஆட்டிக்கொண்டே, பக்கத்து பெஞ்சுக்காரனுக்காக.