மரம் வைத்தவர் ஊரில் இல்லை

மனிதர்களில் 'நட்டுட்டேன்ல' என்றொரு வகை உண்டு. பார்த்ததே இல்லை என்று மட்டும் சாதிக்காதீர்கள். விமானம் ஏறி ஊர் சுற்றிவிட்டு, அது கக்கிய புகைக்குப் பரிகாரமாக ஒரு நாட்டு மரக்கன்றை நட்டு, மண் ஒட்டிய கையைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, அத்தோடு பாவம் தொலைந்தது என்று அடுத்த ஊருக்குச் சீட்டு வாங்குகிற புண்ணியவான்கள்.

எங்கள் மேல்மாடிப் பல் வைத்தியர் அந்த ஜாதி. பிடுங்குவது தொழில், நடுவது பரிகாரம். அவருடைய காடு முழுவதும் மூன்றாவது மாடி பால்கனியில், பழைய பெயின்ட் வாளிகளில் நிற்கிறது. வானத்தைத் தொட வேண்டிய மருதம், துணி காயும் கொடியில் தலையை இடித்துக்கொள்கிறது. எந்தக் கன்று எந்தப் பயணத்துக்கு என்று வாளிக்கு வாளி சீட்டு வேறு. அந்த வீட்டுப் பேச்சைக் கேட்டால் தலை சுற்றும்.

"ஏங்க, பனிமலை வாடிப்போச்சு. எரிமலையில ஒரே பூச்சி."

"தண்ணி ஊத்தும்மா. போன தடவை ஒண்ணு கூடுதலா நட்டுட்டேன்ல, அது சும்மாதானே நிக்குது? அதுக்கு ஒரு தீவு போயிட்டு வந்துடறேன்."

கேட்டீர்களா? குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொள்வார்கள் என்பது பழமொழி. இவர் சோப்பு மிச்சம் இருக்கிறதே என்று சேற்றைத் தேடிப் போகிறார்.

அவர் மனைவி, அந்த அம்மாள், இதில் எந்த ஊரைப் பார்த்தார்? பனிமலைக்கு அவர் ஊற்றும் தண்ணீர் என் துணிமேல் சொட்டுவதைத்தான் பார்த்தார். மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் தங்கை பதினோரு வருஷமாகக் கூப்பிடுகிறாள். "நீ போயிட்டா காடு என்னம்மா ஆகும்?" என்பார் மனிதர், பெட்டியைப் பூட்டிக்கொண்டே. பொறுக்காமல் ஒரு நாள் நானே அவரைக் கேட்டேன்.

"மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்வாங்களே?"

"அது கடவுளைச் சொன்னது."

தீவுக்குக் கிளம்பும் நாள் வந்தது. வாசலில் டாக்சி. வைத்தியர் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்குவதற்குள், அம்மாள் துணிப்பையோடு உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கேம்மா?"

"தங்கச்சி வீட்டுக்கு. பத்து நாள்."

"ஐயோ, கன்னுங்க?"

"மேலே போய்ப் பாருங்க. நானும் ஒண்ணு நட்டுட்டேன்ல!"

டாக்சி போயே போய்விட்டது. பால்கனியில் புதிதாக ஒரு வாளி, 'தங்கச்சி வீடு' என்ற சீட்டோடு. தீவில் இருக்க வேண்டியவர் அன்று சாயங்காலம் பூவாளியோடு நின்றார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பத்தாம் நாள் போனில் கெஞ்சினார். "எப்பம்மா வர்றே?"

ஸ்பீக்கரில் அம்மாள் குரல் என் வீடு வரை கேட்டது. "தங்கச்சி தோட்டத்துல நாலு கன்னு சும்மா நிக்குதுங்க. அதுக்கு நாங்க ரெண்டு பேரும் எங்கேயாவது போயாகணும்ல?"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நீங்கள் நட்டதற்கு உங்கள் வீட்டில் தண்ணீர் ஊற்றுவது யார் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அந்த ஆள் இப்போது துணிப்பையைத் தேடிக்கொண்டிருக்கலாம்.