வக்கீல் அஞ்சுகத்தின் மேல் எழுந்த மலை

வரைபடம் எழுதியவர்கள் மை தீர்ந்துபோய்க் கைவிட்ட ஓரத்தில் நெடுமதில் நாடு இருந்தது. அதன் அரண்மனை மதில் எவ்வளவு உயரம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அதைத் தாண்டப் புறப்பட்ட கொக்கு பாதி வழியில் முட்டையிடும். அந்த முட்டையிலிருந்து வந்த குஞ்சுதான் அப்பால் போய்ச் சேரும்.

ஒரு நாள் விடிந்தபோது மதில் நாலு காதம் தள்ளி நின்றது. ஊர் வயல்களுக்குத் தண்ணீர் தந்த மாவடி ஏரியைக் காணவில்லை, அது மதிலுக்குள் போயிருந்தது. தண்ணீரின்றி வயல் வெடித்த விவசாயி முத்தம்பலம் அரண்மனை மேல் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாட எழுந்தவர் ஒரே ஒரு வக்கீல், அஞ்சுகம்.

"அப்படி ஓர் ஏரியே கிடையாது" என்றது அரண்மனை. நீதிபதி தம் கண்ணால் கண்டதே சாட்சி என்பது அந்நாட்டுச் சட்டம். ஆனால் மதிலுக்குள் நுழைய நீதிபதிக்கும் அனுமதி இல்லை. அஞ்சுகமோ விடவில்லை. தினமும் ஏரி, ஏரி என்றே பேசினார்.

ஒழுங்குத்துறை அமைச்சர் வித்தகநம்பி அரசரிடம் பணிந்து சொன்னார்: "வழக்குக்குப் பதில் சொல்வது சிரமம், மாமன்னா. வக்கீலை ஒழுங்குபடுத்துவது சுலபம்."

மறுநாளே முதல் புகார் வந்தது. வாதத்தின் நடுவே, அரசர் படம் மாட்டியிருந்த திசையைப் பார்த்து அஞ்சுகம் தும்மினாராம். காகிதத்தைக் கரையான் தின்றுவிடும் என்பதால் புகாரைச் செங்கல்லில் செதுக்கிச் சுட்டார்கள். அதை நீதிமன்ற வாசலில், மதிலை ஒட்டி வைத்தார்கள். விசாரணை முடியும்வரை யாரும் அசைக்கக் கூடாது.

பிறகு அடைமழைதான். பட்டத்து யானை புகார் கொடுத்தது. பதினோரு வருடத்துக்கு முன் செத்துப்போன தாசில்தார், கையெழுத்துக்கூட நடுங்காமல் மூன்று புகார் கொடுத்தார். ஆயிரம் கல் சேர்ந்ததும் அஞ்சுகம் ஒற்றைக் காலில் நின்று வாதாட வேண்டும் என்று ஆணை வந்தது. லட்சம் சேர்ந்ததும் வாயைத் திறக்காமல் வாதாட வேண்டும் என்றது அடுத்த ஆணை. கோடியாவது கல் விழுந்தால் கறுப்பு அங்கியும் போகும், ஏரி வழக்கும் தள்ளுபடி.

மற்ற வக்கீல்கள் அங்கியை மடித்துப் பரணில் போட்டுவிட்டார்கள். மாடு திருடு போனவனுக்கும் பேச நாதியில்லை. சூளைகளெல்லாம் புகாரே சுட்டதால் சோறு வடிக்கப் பானையில்லை, அடுப்புக்கு விறகில்லை. அது போதாதென்று, வீட்டுக்கு ஒரு புகார் தராதவர்களுக்குக் குடிதண்ணீர் இல்லை என்று வித்தகநம்பி முரசறைந்தார்.

மலை வளர்ந்தது. அதன் இடுப்பில் மேகம் தங்கியது, மடியில் மயில் ஆடியது. உலகத்தில் எந்தப் பெண் மேலும் இத்தனை பழி விழுந்ததில்லை. அஞ்சுகம் தினமும் மாலையில் ஒற்றைக் காலில் நின்றபடி, மலையின் நிழலையும் மதிலின் நிழலையும் மாறி மாறிப் பார்ப்பார்.

ஒரு சாயங்காலம் முத்தம்பலம் தலை கவிழ்ந்து வந்தார். கையில் செங்கல்.

"அம்மா, மன்னிச்சுக்கிடுங்க. புள்ளைங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. உங்க மேல ஒரு கல்லு வைக்க வந்தேன்."

"அட, நீங்களுமா! என்னன்னு எழுதியிருக்கு?"

"புகார் வாங்குற அதிகாரி சொல்லச் சொல்லச் செதுக்கினேன். 'இல்லாத ஏரிய இருக்குன்னு சொல்லி ஊரை ஏமாத்துறா'ன்னு."

அஞ்சுகம் விழுந்து விழுந்து சிரித்தார். "இதைவிட நல்ல புகார் வருமா, அண்ணே! அழாதீங்க. உச்சியில வைங்க. ஒரு ஆள் ஏறி நிக்கிற மாதிரி நேரா வைங்க."

அது கோடிக்கு ஒன்று குறைவான கல். முத்தம்பலம் மூன்று நாள் ஏறி அதை வைத்த மாலையில் இரண்டு நிழலும் ஒரே கோட்டில் முடிந்தன. உடனே அஞ்சுகம் மனு எழுதி நீட்டினார்: "என் மேலுள்ள புகார்களை விசாரியுங்கள்."

வித்தகநம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தாராளமாக! கடைசிப் புகாரே முதலில் என்பது யாம் இயற்றிய சட்டம். பழையவற்றுக்கு முறை வருவதற்குள் அம்மையாரின் ஆயுள் முடிந்துவிடும்!"

கடைசிப் புகார் உச்சியில் இருந்தது. அசைக்கக் கூடாது. ஆகவே நீதிபதி தில்லைநாயகம் ஏறினார். ஏழு நாள். ஊரே அண்ணாந்து பார்த்தது. எட்டாம் நாள் காலையில் அவர் முத்தம்பலத்தின் கல் மேல் நின்றார். மதிலுக்கு மேலே அவர் தலை முளைத்தது.

எதிரே வானம் கீழே விழுந்து கிடப்பதுபோல் மாவடி ஏரி. கோடி நாரைகள். நடுவே அரசரின் பொற்படகு. நீதிபதி தலைப்பாகையைக் கழற்றினார்.

"ஏரி இருக்கிறது!" என்று அவர் கூவியது கீழே வந்து சேர அரை நாழிகை ஆயிற்று. "புகார் பொய்!"

அவர் இறங்கி வருவதற்குள் சூளையில் புதுக் கல் ஒன்று வெந்து தயாராக இருந்தது. இந்த முறை புகார் அஞ்சுகம் மேல் அல்ல, நீதிபதி மேல்: அவர் அரசரை மேலிருந்து கீழாகப் பார்த்தாராம். வைக்க வேறு இடம் ஏது? அதையும் உச்சிக்கே அனுப்பினார்கள். சுமந்து போக முத்தம்பலம் தாமாகவே முன்வந்தார்.

மூன்றாம் நாள் மேலேயிருந்து அவர் குரல் வந்தது.

"அம்மா! இப்ப இன்னும் தூரம் தெரியுது!"

"என்ன அண்ணே தெரியுது?"

"ஏரிக்கு அந்தாண்ட, நாம வத்திப்போச்சுன்னு நெனச்ச நம்ம ஆறும் ஓடுது!"

அஞ்சுகம் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றார். அடுத்த மனுவை எழுதத் தொடங்கினார்.